பழனிவேல் வழக்கில் நான் சொன்ன சாட்சி

குரும்பலூர்
சர்வதாரி வருடம் கார்த்திகை 12

சிரஞ்சீவி சின்னதுரைக்கு அப்பா எழுதுவது. பினாங்கில் நீயும் மருமகளும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் இருக்க அம்மன் துணை. நாங்களும் சுகமென்று எழுதினால் பொய். உன் தம்பி பழனிவேலின் வழக்கு தோற்றுவிட்டது.

போன வருடம் ஆடியில் அவன் ஓட்டிய முதலாளி காரும் எதிரே வந்த கரி லாரியும் அய்யனார் கோயில் வளைவில் மோதியதும், அவனுடைய வலது காலை எடுத்ததும் உனக்குத் தெரியும். லாரி முதலாளிமேல் நஷ்டஈடு கேட்டு அரியலூர் கோர்ட்டில் போட்ட வழக்கில், அன்று காரில் பக்கத்தில் இருந்த நான்தான் சாட்சி. பழனிவேல் முதலில் கூண்டேறி, ஸ்டியரிங்கைவிட்டுக் கையை எடுக்கவேயில்லை என்று சொல்லிவிட்டான். மறுநாள் எதிர் வக்கீல் அதையே என்னிடம் கேட்டார். வேலை போன லாரி டிரைவர் தங்கசாமி பெண்டாட்டி பிள்ளையோடு ஓரமாக நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க எனக்கு மனம் வரவில்லை. கோயிலைக் கண்டதும் பழனிவேல் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டான், கார் வலப்பக்கம் போய்விட்டது என்றேன். அதோடு முடிந்தது. அப்பீலுக்கும் வழியில்லை என்கிறார் நம் வக்கீல். உன் அம்மா அழுதபடியே இருக்கிறாள். இருபத்துநாலு வயதுப் பிள்ளை, இனி அவன் பிழைப்புக்கு உன்னை விட்டால் நாதியில்லை. ஊரார் மட்டும், பெற்ற பிள்ளை என்றும் பாராத தருமர் என்று என்னைப் புகழ்கிறார்கள். கேட்கக் கேட்க உடம்பு கூசுகிறது.

உன்னிடமாவது மீதியைச் சொல்லிவிடுகிறேன். அன்று அவன் கும்பிட மாட்டேன் என்றுதான் சொன்னான். "வளைவுப்பா, தாண்டிட்டுக் கும்பிட்டுக்கறேன்" என்றான். "சாமிக்கு அப்புறந்தான்டா ரோடு, எடுடா கையை" என்று அதட்டியவன் நான். கோர்ட்டில் அதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கட்டையை ஊன்றிக்கொண்டு அங்கேயே நின்ற அவனும் சொல்லவில்லை. வெளியே வந்ததும், "காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடலையேப்பா, காப்பி குடிக்கிறீங்களா" என்று கேட்டான்.

கடல் தாண்டி இருக்கிற பிள்ளை, மழையில் நனையாதே, வேளைக்குச் சாப்பிடு. குழந்தைக்கு என் ஆசி. தம்பிக்கு ஆறுதலாக எழுது. நான் சொன்ன மீதியைப் பற்றி மட்டும் ஒரு வரியும் எழுதிவிடாதே. வருகிற கடிதத்தை உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டுவது அவன்தான்.

இப்படிக்கு
உன் அப்பா
அய்யம்பெருமாள்