விலைச்சீட்டு வெட்டாத கோட்டு

பிப்ரவரி 9

வெளிநாட்டில் இருக்கும் மகள் வீட்டுக்கு நாங்கள் வந்து மூன்று நாள். வீடு என்றால் ஒரே அறை; கட்டிலை அவள் எங்களுக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் படுக்கிறாள். இதுவரை நான் பார்த்த ஊர் முழுக்கப் பணம் மாற்றும் கடைகள்தான். கடைக்குக் கடை இவர் நின்று பலகையில் ஓடும் எண்ணை அண்ணாந்து பார்ப்பார். காலையில் பார்த்த கடைக்கே மத்தியானமும் போக வேண்டும், இரண்டு காசு ஏறியிருக்குமாம். கமிஷன் இல்லை என்று எழுதிப்போட்ட கடையில், கமிஷனை விலையிலேயே பிடித்துவிட்டார்கள் என்று கண்டுபிடித்து, கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்ணிடம் சண்டை. அவள் கொட்டாவி விட்டாள்.

அறைக்கு வந்ததும், மாற்றிய நோட்டுகளின் மூலையில் பேனாவால் தன் இனிஷியலைப் போட்டார். மேஜை இழுப்பறையில் மகள் பணமும் இருக்கிறது, கலந்துவிடக் கூடாதாம். பெற்ற மகளிடம் இந்தக் கணக்கு. தூ.

பிப்ரவரி 11

மகள் தன் முதல் சம்பளத்தில் எனக்கு ஒரு கோட்டு வாங்கி வந்தாள். பல் டாக்டரிடம் உதவியாளர் வேலை, நாளெல்லாம் நின்றபடி. கோட்டு கருநீலம், முழங்கால் வரைக்கும். பொத்தானை அவளே போட்டுவிட்டாள். "வெளிய போறப்பல்லாம் இதைத்தான் போடணும்மா" என்றாள். கண்ணாடியில் பார்த்தால் நான் யாரோ மாதிரி இருந்தேன். பிடித்திருந்தது.

இவர் கேட்ட முதல் கேள்வி: "பில் எங்க?"

பிப்ரவரி 12

எழுதவே கை கூசுகிறது.

சுற்றிப் பார்க்க வந்தவர்கள் இங்கே பொருள் வாங்கினால், ஊர் திரும்பும்போது விமான நிலையத்தில் அதற்கான வரியைத் திருப்பித் தருகிறார்கள். இங்கேயே குடியிருப்பவர்களுக்குக் கிடையாது. ஆகவே மகள் வாங்கினால் வரி போனது போனதுதான். நான் வாங்கினால் திரும்பி வரும். இது போதாதா இவருக்கு? மகள் வேலைக்குப் போனதும் என்னையும் இழுத்துக்கொண்டு போய், அந்தக் கோட்டைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதே கோட்டைத் தன் பணத்தில், என் பாஸ்போர்ட்டைக் காட்டித் திரும்ப வாங்கினார். ஒரே பில்லில் இவ்வளவு தொகை சேர வேண்டுமாம்; அதற்காக யாருக்கும் வேண்டாத ஒரு கட்டுத் துவாலை வேறு. கடைப்பெண் எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே... நான் துவாலைகளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

திருப்பிக் கொடுத்த பணம் மகள் கணக்கில் விழுந்து, அவள் ஃபோனுக்குச் செய்தி போயிருக்கிறது. சாயங்காலம் வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"பிடிக்கலைன்னா சொல்லியிருக்கலாமேம்மா."

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் தன் சாமர்த்தியத்தை விளக்க ஆரம்பித்தார். அவள் எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு கைப்பையிலிருந்து கோட்டின் விலையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். இவர் வேண்டாம் என்று சொல்வார் என்று நினைத்தேன். எண்ணி எடுத்துக்கொண்டார். மூலையில் இனிஷியல் போட்டார்.

பிப்ரவரி 13

கோட்டு பெட்டிக்குள் போய்விட்டது. போடக் கூடாது, விலைச்சீட்டை வெட்டக் கூடாது. வரியைத் திருப்பித் தரும்போது விமான நிலைய அதிகாரி கேட்டால் புதுசாகக் காட்ட வேண்டுமாம். எனக்கு இரண்டு ஸ்வெட்டரும் இவருடைய மப்ளரும். சீ, மப்ளரில் இவர் வாசனை.

பிப்ரவரி 15

பஸ் நிறுத்தத்தில் காற்று ஊசியாகக் குத்தியது. என் பல் தந்தியடிப்பதைப் பார்த்து மகள் தன் கோட்டைக் கழற்றி என்மேல் போட்டாள். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. அவள் கையைக் கட்டிக்கொண்டு, தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றாள். "இன்னும் கொஞ்ச நாள்தானே, பல்லைக் கடிச்சுக்கிட்டு இருங்க" என்றார் இவர். அவர் மட்டும் தன் பழைய கோட்டுக்குள் இருந்தார். இந்த மனுஷனோடு எப்படி இத்தனை வருஷம்?

பிப்ரவரி 17

மகளுக்குக் காய்ச்சல். இவர் பணம் மாற்றப் போயிருக்கிறார்.

பிப்ரவரி 20, விமானத்தில்

இவர் பெட்டிகளை லிஃப்டில் இறக்கப் போனபோது கோட்டைக் கையில் எடுத்தேன். மகளிடம் கத்தரிக்கோல் கேட்டேன்.

"அப்பா குதிப்பாரும்மா."

"குதிக்கட்டும். நீயே வெட்டு."

வெட்டினாள். பொத்தானையும் அவளே போட்டாள், அன்றைக்குப் போலவே. கை இன்னும் சுட்டது அவளுக்கு.

டாக்சியில் இவர் பார்த்துவிட்டார். டிரைவருக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியத்தில் திட்டித் தீர்த்தார். பிறகு மூளை வேலை செய்தது: கழற்றி மடித்துக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும், சீட்டு எங்கேயோ விழுந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். வரிசையில் நின்றபோது கண்ணாலேயே அதட்டினார். நான் கழற்றவில்லை.

அதிகாரி பில்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உபயோகப்படுத்தினீர்களா என்று கேட்டார். இவர் முந்திக்கொண்டு இல்லை என்றார். அதிகாரி என்னிடமே திரும்பக் கேட்டார். ஆமாம், குளிருக்குப் போட்டுக்கொண்டேன் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். ஒரே பில் என்பதால் துவாலைக்கும் சேர்த்துக் கோடு போட்டு, வரி திரும்பக் கிடையாது என்றுவிட்டார்.

மிச்ச நோட்டுகளை நம் பணமாக மாற்றப் போனால் அங்கேயும் இடி. பேனாவால் எழுதிய நோட்டை நாங்கள் வாங்குவதில்லை, வெளியே கடைகளில் செல்லும் என்று அந்தப் பெண் ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டாள். விமான நிலைய விலைக்கு ஒரு மிட்டாய் வாங்கக்கூட இவருக்கு மனசு வராது. அப்படியே சட்டைப் பையில் திணித்துக்கொண்டு ஏறினார். இப்போது பக்கத்தில் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

எனக்குக் குளிரவில்லை.

மார்ச் 6

இங்கே புழுக்கம். அந்த நோட்டுகளை நம் ஊர் பாங்க்கிலும் எடுக்கவில்லை. இவர் தன் தம்பிக்கு ஃபோன் போட்டு, வரியும் போச்சு நோட்டும் போச்சு, எல்லாம் இவளால் என்று புலம்பினார். மகளுக்குக் காய்ச்சல் விட்டதா என்று இன்றுவரை கேட்கவில்லை. நோட்டுகளை என் முன்னால் விசிறினார். "உன் மக ஊர்லயே போய்ச் செலவு பண்ணு, போ."

ராத்திரிச் சமையல் முடித்துவிட்டு மகளிடம் ஃபோனில் இதைச் சொன்னேன். சிரித்தாள். பிறகு, "டிக்கெட் ஒண்ணு போடவாம்மா, ரெண்டு போடவா?" என்றாள்.

"ஒண்ணு" என்றேன்.

நோட்டுகளைப் பொறுக்கி, மடிப்பு நீவி, கோட்டின் உள்பையில் வைத்திருக்கிறேன்.