சாதுவான வெள்ளை எலி

கனி அப்பாவுக்கு,

மண்ணெண்ணெய் வாங்க ரேஷன் கடைக்குப் போகிறேன். வர நேரமாகும். சோறும் சாளைக் குழம்பும் அடுப்படியில் மூடி வைத்திருக்கிறேன்.

நேற்று கிளி, எலி விற்கும் கிளிக்காரரிடம் நீங்கள் வாங்கி வந்த வெள்ளை எலி விடிந்ததிலிருந்து அசையவில்லை. கண்ணில் பீளை, மூக்கில் நீர், வாலடியெல்லாம் ஈரம். "இதுதான் சாதுவா இருக்கு, பிள்ளையக் கடிக்காது" என்று பெருமையாகச் சொன்னீர்களே. அது சாது இல்லை, சீக்கு. சாளை வாங்கும்போது ஒவ்வொரு மீனாகச் செவுளைத் தூக்கிப் பார்த்து மீன்காரியோடு மல்லுக்கு நிற்கிறீர்கள். உயிரோடு இருப்பதை வாங்கும்போது, கையை விட்டால் ஓடுகிறதா என்றுகூடப் பார்க்க மாட்டீர்களா? போன வருஷமும் மூலையில் ஒண்டிக் கிடந்ததைத்தான் தூக்கி வந்தீர்கள். அது மூன்றாம் நாளே செத்தது.

கனி அழுதுகொண்டே பள்ளிக்கூடம் போயிருக்கிறாள். இது செத்துப்போனால் நீங்களே அவளிடம் சொல்லுங்கள். என்னால் முடியாது.

சீனித்தாய்

பஞ்சில் பால் நனைத்து வைத்தேன், குடிக்கவில்லை. நீங்களும் வைத்துப் பாருங்கள். வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டு இசக்கித்தாய் அக்காவிடம் கொடுங்கள்.

இன்னொன்று. போன வருஷம் மாதிரி வேறு எலியைப் பெட்டியில் போட்டுவிட்டு, "நோவு சரியாயிட்டு" என்று சொல்லாதீர்கள். அது வேறு எலி என்று கனிக்கு அன்றைக்கே தெரியும். "அப்பா பாவம்மா, தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிடாத" என்று அவள்தான் என் வாயை அடைத்தாள்.