தவிட்டு பிஸ்கட்

ஜூலை 8, திங்கள்

காத்து. கூட்டித் தள்ளுன குப்பை திரும்ப நம்ம வாசலுக்கே வருது. நேத்து ரைஸ் மில்லுல இருந்து எடுத்தாந்த தவிடு கசந்துபோச்சு. அரைச்ச அன்னைக்கே வறுத்துடணும், இல்லாட்டி அதுல இருக்கிற எண்ணெய் சிக்கு வாடை அடிச்சிரும். தெரிஞ்சும் மூட்டையைக் கட்டி வச்சிட்டு டிவி பாத்தேன். எல்லாம் எதிர்வீட்டு மாட்டுக்குப் போச்சு. மாட்டுக்குச் சந்தோசம்.

வாங்க வேண்டியது:
கருப்பட்டி
வெண்ணெய்
மெல்லிசு சல்லடை
கயலுக்கு சாக்ஸ் (வலது கால் மட்டும் எப்பிடித்தான் கிழியுதோ)

ஜூலை 9, செவ்வாய்

புதுத் தவிடு. கையோட வறுத்தாச்சு. சலிச்சு, கோதுமை மாவு, கருப்பட்டி சேத்து சுட்டேன். இந்தத் தடவ கசப்பு இல்ல, நல்ல மணம். கயல் தின்னுட்டு, "நல்லாருக்கும்மா, மூக்குலதான் தூள் ஏறுது"ன்னா. வீட்டுக்காரர், "மாட்டுத் தீவனத்த என்னையத் திங்க வச்சிட்டியே"ன்னு சொல்லிக்கிட்டே டப்பாவைக் காலி பண்ணாரு.

ஆரப்பாளையம் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரத் தம்பி பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பாத்தான். "அக்கா, தவிடுன்னு போடாதீங்க. ரைஸ் பிரான்னு போடுங்க. தவிடுன்னா எவன் வாங்குவான்?"

எனக்குச் சுர்ருன்னு வந்துருச்சு. "தவிடு தவிடுதான் தம்பி. இருக்கிறத இருக்கிறபடி சொல்லி விக்க எனக்கென்ன வெக்கம்?" பெரிய பிரசங்கம். கடைசில கொஞ்சம் பாக்கெட்டை வாங்கி வச்சுக்கிட்டான். என் வாய்க்குப் பயந்துதான் இருக்கும்.

ஜூலை 13, சனி

ஸ்கூல் லீவு. கயலும் மில்லுக்கு வந்தா. திருமங்கலம் வரைக்கும் ஸ்கூட்டர்ல பின்னாடி உக்காந்து பாட்டு.

மில்லுக்கார அண்ணே அவளைப் பாத்ததும் ஆரம்பிச்சாரு. "என்ன பாப்பா, ஒன்னைய இந்த மில்லுலதான தவிட்டுக்கு வாங்குனாக. திருப்பிக் குடுக்க வந்துட்டாகளா?"

எல்லாப் பிள்ளைககிட்டயும் சொல்றதுதான். எங்கம்மாவே என்னைய அப்பிடித்தான் சீண்டும். நானும் அழுதுட்டுப் போய்க் கண்ணாடில மூக்கைப் பாத்திருக்கேன், யாரு சாயல்னு. அண்ணே மேல ஒரு தப்பும் இல்ல. அவருக்குத் தெரியாது.

கயல் சிரிச்சா. நான் சிரிக்கல. திரும்பி வாரப்ப முதுகுக்குப் பின்னாடி இருந்து, "நெசமாம்மா?"

"பேசாம உக்காரு, லாரி வருது."

லாரி எதுவும் வரல.

இங்க எழுதி வைக்கிறேன், இது வரைக்கும் எங்கயும் எழுதுனதில்ல. கயலை நான் பெறல. கைக்குழந்தையா முறைப்படி தத்தெடுத்தோம். "பத்து வயசு ஆகட்டும், சொல்லிக்கலாம்"னு வீட்டுக்காரர் சொல்லிட்டாரு. இப்ப எட்டு. நானும் சரி சரின்னுட்டேன். பயம்தான், வேறென்ன.

ஜூலை 14, ஞாயிறு

கயலுக்குத் தலைக்கு ஊத்தி விட்டேன். சீயக்காய் கண்ணுல பட்டும் கத்தல. அப்பவே சந்தேகம். மெதுவா கேட்டா: "எங்க கிளாஸ் நித்யாகிட்டயும் அவங்கம்மா தவிட்டுக்குத்தான் வாங்குனேன்னு சொன்னாங்களாம். அவ அழுதாளாம். ஒடனே அவங்கம்மா பொய்னு சொல்லிட்டாங்களாம். நீ ஏம்மா சொல்லல?"

"தண்ணி ஆறுது, குனி"ன்னேன்.

சாயங்காலம் பூரா மாவு பிசைஞ்சேன். பாக்கெட்டுக்கு ஒரு நியாயம், பெத்த பிள்ளைக்கு ஒரு நியாயமா. பெத்த பிள்ளைன்னே எழுதிட்டேன் பாரு. அடிச்சுத் திருத்தப் போறதில்ல.

அவர்கிட்ட நித்யா கதையைச் சொன்னேன். "ரெண்டு வருசம் பொறுடி"ன்னாரு, சட்டையை மடிச்சுக்கிட்டே. மடிச்ச சட்டையையே பிரிச்சுத் திரும்ப மடிச்சாரு.

ஜூலை 15, திங்கள்

அவருக்குக் கப்பலூர் கம்பெனில ஷிப்ட். கயல் ஸ்கூல் விட்டு வந்ததும் தவிடு சலிச்சுக் குடுத்தா. நான் அடுப்புல. அவ மூஞ்சியைப் பாத்துச் சொல்ல முடியாதுன்னு வாணலியப் பாத்தே சொன்னேன்.

"ஒன்னையத் தவிட்டுக்கு வாங்கல கயலு. ஆனா நீ என் வயித்துல இருந்தும் வரல."

சல்லடை நிக்கல.

"அப்ப யாரு வயித்துல?"

"தெரியாதுடா. ஒன்னையக் குடுத்தவங்க எங்களுக்குச் சொல்லல."

"நீங்க வந்தப்ப நான் அழுதேனா?"

"நீ தூங்கிட்டிருந்த. நான்தான் அழுதேன்."

எட்டிப் பாத்தா. "அம்மா, கருகுது"ன்னா. கருகித்தான் போச்சு, மொத்த வாணலியும்.

பெறகு தோசை கேட்டா. ரெண்டு தின்னா. கணக்கு நோட்டுக்குச் சண்டை போட்டா. நான்தான் நிமிசத்துக்கு ஒரு தடவ அவ மூஞ்சியப் பாத்துக்கிட்டே கெடந்தேன். என்ன நெனைக்கிறாளோ, எதைச் சொல்லாம முழுங்குறாளோ. மனசு ஆறல.

வாசல்ல அவர் வண்டிச் சத்தம். கயல் ஓடி வந்து என் சேலையப் பிடிச்சு இழுத்தா. குனிஞ்சேன். காதுக்குள்ள சொன்னா:

"அம்மா, எனக்குத் தெரிஞ்சது அப்பாவுக்குத் தெரிய வேணாம். பாவம், தாங்க மாட்டாரு."