பூத்திருக்கு என்று எழுதாதே

அன்புள்ள பெரியவனுக்கு,

இங்கே மூன்று பேரும் எழுந்து நடமாடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு, ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொண்டு நன்றாகவே இருக்கிறோம். நீயும் அங்கே அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன், குறை சொல்ல வீட்டில் ஆள் இல்லாததுதான் உனக்குக் குறையாக இருக்கும். இன்று எனக்கு விடுமுறை. மதியம் சாப்பிட்டுவிட்டு சோபாவில் படுத்து இரண்டு காலையும் நாற்காலி மேல் தூக்கிப் போட்டுக்கொண்டு நான் சொல்கிறேன், உன் தங்கை மேசையில் உட்கார்ந்து எழுதுகிறாள். நானே எழுதலாம் என்று இரண்டு முறை உட்கார்ந்தேன், இரண்டு முறையும் பேனாவோடு தூங்கிவிட்டேன், பேசிக்கொண்டிருந்தால் தூக்கம் வருவதில்லை. இவளோ முழு வாக்கியமாகச் சொல்லுங்கள் என்கிறாள். நான் நாத்தம் என்று சொன்னால் இவள் மணம் என்று எழுதுகிறாள், கேட்டால் பழைய தமிழில் நாற்றம் என்றாலே நல்ல வாசனைதான் என்று எனக்கே பாடம் எடுக்கிறாள். ஆகவே இதில் அழகாக இருப்பதெல்லாம் அவளுடையது, அலுப்பாக இருப்பதெல்லாம் என்னுடையது என்று வைத்துக்கொள்.

நம் கட்டடத்தில் லிஃப்ட் நின்று இன்றோடு பதினோரு நாள். நான்கு மாடியும் ஏறித்தான் வருகிறேன், இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஜன்னல் கட்டை மேல் பையை வைத்துவிட்டு ஒரு நிமிடம் நின்றுதான் ஏறுகிறேன். உன் அப்பா லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தும் இந்த லிஃப்ட் வேறு கம்பெனியுடையது என்பதால் கை வைக்கக் கூடாதாம். கீழ்வீட்டுத் தையல்காரம்மா படியில் பார்க்கும்போதெல்லாம் லிஃப்ட்காரர் வீட்டுக்கே லிஃப்ட் இல்லையா என்று கேட்கிறாள், அவர் தையல்காரம்மா வீட்டுத் திரைச்சீலை மட்டும் ஏன் கிழிந்து தொங்குகிறது என்று கேட்டுவிட்டு ஏறுகிறார். முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறார், ஆனால் பதில் சொல்வதை மட்டும் விடுவதில்லை. தங்கைக்குத் தேர்வு முடிந்துவிட்டது. நூலகத்தில் ஒரு தடவைக்கு நான்கு புத்தகம்தான் தருகிறார்கள் என்று என் அட்டையையும் பிடுங்கிக்கொண்டு எட்டாகச் சுமந்துவருகிறாள், அதுவும் நான்கு மாடி.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். உங்கள் உணவகத்து முதலாளி சாப்பாட்டுக்குப் பின் வைக்கும் சீஸ் தட்டை உன் பொறுப்பில் விட்டிருக்கிறார் என்றும், அதில் நீலப் பூஞ்சை ஓடிய ப்ளூ சீஸ் மட்டும் மூன்று வகை வைக்கவேண்டும் என்றும், எந்த மூன்று, நல்லதாக எங்கே கிடைக்கும் என்று நான் சொல்லவேண்டும் என்றும் எழுதியிருந்தாய். கூடவே, அம்மா மூக்கு சொன்னால் போதும், நான் கண்ணை மூடிக்கொண்டு அதையே வைத்துவிடுவேன் என்றும் ஒரு வரி. கடிதம் வந்து மூன்று வாரமாகியும் நான் பதில் போடாததற்கு அந்த வரிதான் காரணம். அதைப் பிறகு சொல்கிறேன், முதலில் கேட்டதைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்குப் பிடித்தவை என்றால் ராக்ஃபோரைத் தள்ளிவைக்க முடியாது. செம்மறி ஆட்டுப்பாலில் செய்வது, வாயில் வைத்ததும் உப்பால் ஓர் அறை விட்டுவிட்டு, விழுங்கும்போது இனிப்பாக மன்னிப்புக் கேட்கும். அதைத் தடிமனாக வெட்டி வைக்காதே, பாதி விரல் அளவு போதும், பக்கத்தில் தேன் வை. அடுத்தது கோர்கோன்சோலா. அதில் காரமானது ஒன்று, கரண்டியால் அள்ளும் அளவுக்கு மென்மையானது ஒன்று, நீ மென்மையானதை எடு. நீலக் கோட்டைப் பார்த்ததும் தட்டைத் தள்ளிவைக்கிற ஆட்களைப் பதினாறு வருடமாகக் கடையின் சீஸ் கவுண்டரில் நான் அதை வைத்துத்தான் வழிக்குக் கொண்டுவந்திருக்கிறேன். மூன்றாவது ஸ்டில்டன். விரலால் உடைத்தால் உதிரவேண்டும், மெழுகு போல வளைந்தால் வாங்காதே, பேரிக்காயோடு கொடு. ஆனால் எனக்கே எனக்கு என்று ஒன்றைக் கேட்டால் இந்த மூன்றும் இல்லை. ஊருக்கு வெளியே ஆடு வளர்க்கிற அக்கா தங்கை இரண்டு பேர் வாரம் எட்டு வட்டச் சீஸ் செய்து, பெயர் எழுதாத பெட்டியில் போட்டு அனுப்புவார்களே, நீ சின்னப் பையனாகக் கவுண்டருக்குப் பின்னால் பெட்டி மேல் உட்கார்ந்து ஓரத்துத் துண்டு கேட்பாயே, அதுதான். ஒரு வாரம் இருப்பதுபோல் மறுவாரம் இருக்காது. மழைக்குப் பிறகு ஆடு என்ன தின்றது என்று அதைச் சாப்பிட்டே சொல்லிவிடலாம் என்று பெரியவள் சொல்வாள். அப்படிச் செய்கிறவர்கள் உன் ஊருக்கு வெளியேயும் யாராவது இருப்பார்கள், ஒரு விடுமுறை நாளில் பஸ் ஏறிப் போய்ப் பார்.

எங்கே வாங்குவது என்று கேட்டால், அலமாரியில் பிளாஸ்டிக் போட்டு அடுக்கியிருப்பது குழம்பில் கரைப்பதற்குச் சரி, தட்டுக்கு ஆகாது. கண் முன்னால் வெட்டித் தருகிற கடைக்குப் போ. ஒவ்வொன்றையும் வெட்டியபிறகு வெட்டுகிற கம்பியைத் துடைக்கிறார்களா என்று பார். கேட்காமலே ருசிக்கத் துண்டு நீட்டுகிறார்களா என்று பார். நல்லா இருக்கா என்று ஒருபோதும் கேட்காதே, எல்லோரும் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். இன்றைக்கு எது வேண்டாம் என்று கேள். அதை இன்றைக்கு வாங்காதீங்க என்று ஒன்றையாவது காட்டுகிறவர் யாரோ அவரிடம் வாங்கு, அவர் வேறு கடைக்கு மாறினால் நீயும் மாறு.

அப்படிப்பட்ட ஓர் ஆளாகத்தான் நான் பதினாறு வருடம் அந்தக் கவுண்டரில் நின்றேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது நான் சொல்லப்போவதை போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் டாக்டரிடம் போனாயா என்று நீ ஆரம்பிப்பாய், நான் பதில் சொல்வதற்குள் அடுப்படியிலிருந்து உன்னை யாராவது கூப்பிடுவார்கள், பாதியில் நிற்கும். ஐந்து மாதத்துக்கு முன் எனக்குக் காய்ச்சல் வந்ததே, அது போகும்போது என் மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. எந்த வாசனையும் தெரிவதில்லை. வெங்காயம் கருகினாலும் தெரியவில்லை, சோப்பும் தெரியவில்லை, உன் தங்கையின் தலையும் தெரியவில்லை. டாக்டரிடம் போனேன், வரலாம், வராமலும் போகலாம், பொறுத்திருங்கள் என்றார். உன் அப்பா, நல்லதாப் போச்சு, இனிமே என் சாக்ஸைப் பத்தி இந்த வீட்டில பேச்சே வராது என்றார். மறுநாளிலிருந்து வேலைக்குக் கிளம்புமுன் அடுப்பில் காஸ் மூடியிருக்கிறதா என்று அவரே பார்த்துவிட்டுப் போகிறார், அதை என்னிடம் சொல்வதில்லை.

கடையில் நான் யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் மேனேஜரை உனக்குத் தெரியும், அந்த இஸ்திரிச் சட்டை, சொன்னால் அன்றைக்கே என்னைக் கவுண்டரிலிருந்து எடுத்துவிடுவார், எடுப்பதும் நியாயம்தான். ப்ளூ சீஸ் கண்ணுக்கு ஒன்றும் காட்டாது, நல்லதும் நீலமாகத்தான் இருக்கும், கெட்டதும் நீலமாகத்தான் இருக்கும், மூக்குதான் பிரித்துச் சொல்லவேண்டும். அதனால் உன் தங்கையைப் பள்ளி விட்டதும் கடைக்கு வரச்சொன்னேன். புத்தகப்பையோடு வந்து கவுண்டரின் இந்த ஓரத்தில் நிற்பாள், நான் புதிதாகப் பிரித்ததை அவள் பக்கம் நகர்த்துவேன், முகர்ந்துவிட்டு மேனேஜர் காதில் விழாமல் ஒரே வார்த்தையில் சொல்லவேண்டும் என்பது ஏற்பாடு. நான்கு மாதம் ஒரு தவறும் இல்லாமல் ஓடியது. நன்றாக இருந்தால் சரி என்பாள், ஒன்றும் பிடிபடாவிட்டால் தெரியலை என்பாள். கெட்டது ஒன்றும் அதுவரை வரவில்லை. ஒரு புதன்கிழமை வந்தது.

அலுமினியத் தாளில் சுற்றிய பாதி ராக்ஃபோர், குளிர்பெட்டி ஒரு நாள் நின்றுபோயிருந்ததாம், எனக்குத் தெரியாது. இவள் குனிந்து முகர்ந்தாள், கழிவறை கழுவுகிற மருந்து மாதிரி கண்ணைக் கரித்ததாம். மேனேஜர் இரண்டடி தள்ளி நின்றதால் மெதுவாகச் சொன்னாள்.

"அம்மா, பூத்திருக்கு."

உனக்குத் தெரியும், கவுண்டரில் நான் அந்த வார்த்தையை எதற்குச் சொல்வேன் என்று. காற்றுப் போவதற்காக ஊசியால் குத்திய துளை வழியாக நீலம் நன்றாக ஓடியிருந்தால், உள்ளே திறந்து நல்ல பதத்தில் இருந்தால், பூத்திருக்கு என்பேன். அதைக் கேட்டு வளர்ந்தவன் நீ. இவள் வீட்டில் வளர்ந்தவள். வீட்டில் ரொட்டி பூத்துப்போனால் குப்பைக்கூடை, ஊறுகாய் பூத்துப்போனால் குப்பைக்கூடை. அவள் குப்பைக்கூடை என்று சொன்னாள், நான் வெட்டு என்று கேட்டுக்கொண்டேன். வெட்டி, எடை போட்டு, தாளில் சுற்றி, அடுத்து நின்றவரிடம் கொடுத்துவிட்டேன். அடுத்து நின்றவர் அந்தக் கண்ணாடிக் கடைக்காரர், புதன்கிழமை தவறாமல் ஒரே ஒரு துண்டு வாங்கிப் போவாரே, படுக்கையில் இருக்கும் அவர் மனைவிக்கு ருசி தெரிகிற ஒரே சாமான் அதுதான் என்று சொல்வாரே, அவர்.

வெள்ளிக்கிழமை திரும்பி வந்தார். அதே தாளில் அதே மடிப்பில் சுற்றிக் கொண்டுவந்து கவுண்டர் மேல் வைத்தார். சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் கேட்டது இதுதான்.

"வாயில வச்சதும் அவ என்னைத்தான் பார்த்தா. பதினோரு வருஷத்துல உங்க கையால வாங்கினது ஒண்ணு இப்படி இருந்ததில்ல. உங்களுக்கு உடம்பு ஏதும் சரியில்லையாம்மா?"

இஸ்திரிச் சட்டை பக்கத்தில்தான் நின்றார். ஆமாம், எனக்கு வாசனை தெரியவில்லை, ஐந்து மாதமாகத் தெரியவில்லை என்று இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். யாரும் திட்டவில்லை. திங்கட்கிழமையிலிருந்து என்னை ரொட்டிப் பகுதிக்கு மாற்றிவிட்டார்கள். பையில் போட்டு வாய் கட்டுகிற வேலை, நாள் முழுவதும் ஒரே இடத்தில் நின்றபடி, அதுதான் கால் இப்படி இருக்கிறது. சூடான ரொட்டி வாசனையில் நிற்பதற்குக் கொடுத்துவைத்திருக்கவேண்டும் என்று மீன் பகுதிக்காரி சொல்கிறாள், அவளுக்கு விஷயம் தெரியாது. கண்ணாடிக் கடைக்காரர் அதற்குப் பின் வந்த இரண்டு புதனும் வரவில்லை. நான் ரொட்டி அடுக்குக்கு மேலாக எட்டி எட்டிப் பார்த்தேன். அந்த அம்மாள் எப்படி இருக்கிறாளோ.

இந்த இடத்தில் உன் தங்கை பேனாவை வைத்துவிட்டாள், தப்பு தன்னுடையது என்று எழுதவேண்டுமாம். எழுதாதே என்றேன். அவள் சரியாகத்தான் முகர்ந்தாள், சரியான தமிழில்தான் சொன்னாள். இரவல் மூக்கை வைத்துக்கொண்டு சொந்த மூக்கு மாதிரி பதினாறு வருடத்துப் பெயரை விற்றது நான். இதை அப்படியே எழுது என்று சொன்னபிறகுதான் பேனாவை எடுத்தாள்.

இப்போது, பெயர் போடாமல் அதில் மூன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி நீ அனுப்பிய சீஸ் பொட்டலங்கள். உன்னோடு வேலை செய்கிற பேக்கரிப் பெண் வியாழக்கிழமை கொண்டுவந்து கொடுத்தாள், ஐஸ் இன்னும் உருகவில்லை. ஆறு துண்டும், மேலே உன் கையெழுத்தில் ஒன்று முதல் ஆறு வரை எண்ணும். ஒரு மணி நேரம் வெளியில் வைத்தோம். தங்கை ஒவ்வொன்றாக முகர்ந்து, கொஞ்சம் தின்று, நோட்டில் எழுதினாள். ஒன்று, ஈரமான சாக்பீஸ். இரண்டு, பால் காய்ச்சி ஆறிய பாத்திரத்தின் அடி. மூன்று, மழையில் நனைந்த கம்பளிச் சட்டை. நான்கு, நூலகத்தில் யாரும் எடுக்காத தடிப் புத்தகத்தைத் திறந்த வாசனை. ஐந்து, வெண்ணெய், ஆனால் எதையோ மறைக்கிறது. ஆறு, அப்பாவின் கருவிப்பெட்டி. அப்பா அதைக் கேட்டுவிட்டு ஆறாவதைத் தொடவே மாட்டேன் என்றார். அவள் வாசிக்க வாசிக்க நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். மூன்றாவது ராக்ஃபோர், நான்காவது ஸ்டில்டன், ஐந்தாவது மென்மையான கோர்கோன்சோலா. சரியா என்று பார், பட்டியல் உன்னிடம்தான் இருக்கிறது. மற்ற மூன்றும் எனக்குப் பிடிபடவில்லை.

அப்படியே மூன்று, நான்கு, ஐந்து என்று எழுதி அனுப்பிவிடலாம், அண்ணனுக்குத் தெரியவா போகிறது, சந்தோஷப்படுவான் என்று தங்கை மெதுவாகக் கேட்டாள். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது, மூன்று நாள் யோசித்தேன். நீ கண்ணை மூடிக்கொண்டு வைப்பதாக எழுதியிருக்கிறாய். நீ கண்ணை மூடி, நான் மூக்கை மூடி, நடுவில் ஒருவர் காசு கொடுத்து வாயில் வைப்பார். அன்று கண்ணாடிக் கடைக்காரருக்கு எதிரே நான் நின்றேன், இதில் நீ நிற்கவேண்டிவரும். ஆகையால் நான் தேர்ந்தெடுக்கவில்லை. மேலே சொன்ன பெயர்களெல்லாம் நினைவிலிருந்து சொன்னவை, அதை நம்பலாம். ஆனால் எந்த வட்டம், எந்த நாள் என்பதை நீயேதான் முகர்ந்து பார்க்கவேண்டும். என்னிடம் இருந்தது உன்னிடமும் இருக்கும், ஓரத்துத் துண்டில் கெட்டதை மட்டும் திருப்பிக் கொடுத்துவிடுவாய் நீ, ஐந்து வயதிலேயே.

கை சுடாமல், கத்தி படாமல், வேளைக்குத் தூங்கி நீ நன்றாக இருக்கவேண்டும், அதுதான் எங்கள் மூவருக்கும் வேண்டியது. ஈரச் செருப்போடு அடுப்படியில் நிற்காதே. தட்டு வைத்த அன்றைக்கே எனக்கு எழுது, ஒவ்வொன்றும் எதைப்போல மணந்தது என்று, இவள் எழுதியதுபோல் எழுது, நான் படித்துத் தெரிந்துகொள்கிறேன். நீளமாக இருந்தாலும் பரவாயில்லை, படி ஏறி வந்து உட்கார்ந்து படிக்கிறேன். பூத்திருக்கு என்று மட்டும் எழுதாதே.

இப்படிக்கு,
கால் நீட்டிப் படுத்தபடி சொன்ன உன் அம்மா