கிணற்று மேட்டில் இருக்கும் டிக்கிக்கு

டிக்கி,

இன்று காலை மடித்து வைத்திருந்த காக்கிச் சட்டையை எடுத்து உதறினேன். காலர் மடிப்புக்குள் உன் முடி ஒன்று தொற்றிக்கொண்டு இருந்தது. பாதி வெள்ளை, நுனி மட்டும் பழுப்பு. நீ போன பிறகு எத்தனையோ முறை துவைத்த சட்டை அது. நீ இருந்த காலத்தில் இந்த முடிக்காக உன்னைத் திட்டாத நாளே கிடையாது. "என்னண்ணே, காக்கித் துணிக்குக் கம்பளி வச்சுத் தச்சிருக்கீகளா?" என்று ஆட்டோ ஸ்டாண்டில் கேலி பேசுவார்கள். இன்று அதைத் தட்டிவிடப் போன விரல் பாதியில் நின்றுவிட்டது. முடியோடேயே சட்டையைப் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தேன். வில்லாபுரத்திலிருந்து ஆரப்பாளையம் போய்ச் சேரும்வரை மனதுக்குள் உன்னிடம் பேசிக்கொண்டே போனேன். பேசியதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

நீ கிடைத்ததும் அந்த ஆரப்பாளையத்தில்தான். தேனி பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு அம்மா, கட்டைப்பைகளை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்தவர், வண்டி நகர்ந்த கொஞ்ச நேரத்தில் என் தோளைத் தட்டினார். "ஏப்பா, ஒன் வண்டில பச்சப் புள்ள அழுகுதுப்பா." பயந்துபோய் ஓரங்கட்டினேன். பின்னால் போய் டிக்கியைத் திறந்தால், வண்டி துடைக்கிற பழந்துணிக்குள் கிரீஸ் அப்பிய ஒரு உருண்டை. கண் மட்டும்தான் தெரிந்தது. சவாரியை இறக்கிவிட்டு வந்து, உன் தாயைத் தேடி ஸ்டாண்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன். எந்தப் பூனையும் உன்னைத் தேடி வரவில்லை.

வீட்டு வாசலில் செல்வி உன்னைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனாள். "ஐயய்யோ, என்னங்க இது, எலியா?" அப்போது அஞ்சாம் வகுப்பில் இருந்த நம் நந்தினி, உன்னைக் கழுவித் துடைப்பதற்குள் பெயரே வைத்துவிட்டாள். "டிக்கியிலயா கெடந்துச்சு? அப்ப டிக்கி." செல்வி ஒரே கண்டிப்பாகச் சொன்னாள்: "இன்னைக்கு ஒரு நாளு இருக்கட்டும். நாளைக்குக் காலைல கொண்டுபோய் விட்டுட்டு வந்துரணும்." அந்த நாளைக் காலை பதினோரு வருடமாக வரவில்லை.

செல்வி உன்னைக் கொஞ்சி நான் பார்த்ததே இல்லை. திட்டிக்கொண்டேதான் இருந்தாள். தையலுக்கு அவள் வெட்டிப் போட்ட ஜாக்கெட் துணி மேல்தான் நீ படுப்பாய். "இந்தா, எந்திரி. அளவு ஜாக்கெட் மேலதான் மகாராணி படுப்பாங்களோ?" என்பாள். நீ எழுந்திருக்க மாட்டாய். அவளும் தூக்கிப் போட மாட்டாள். உன்னைச் சுற்றியே துணியை வெட்டுவாள். ஜாக்கெட் வாங்க வந்தவர்கள் முடி ஒட்டியிருக்கிறது என்று முகம் சுளித்தால், "உதறிப் போட்டா போயிரும்" என்று அவர்களிடம்தான் கோபப்படுவாள்.

கொரோனா காலத்தில் ஆட்டோ ஓடாமல் நான் வீட்டில் முடங்கிக் கிடந்தது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கப் பயந்துகொண்டிருந்த நாட்கள் அவை. பகல் முழுவதும் நான் வீட்டில் இருப்பதைக் கண்டு சந்தோஷப்பட்ட ஒரே ஆள் நீதான். என் மடியில் ஏறி, இனிமேல் எல்லாம் இப்படித்தான் என்பதுபோலக் காலை நீட்டிக்கொண்டாய். மடியில் ஓர் உயிர் தூங்கும்போது எழுந்துபோய்க் கவலைப்பட முடிவதில்லை. அதனாலேயே பல மத்தியானங்கள் எப்படியோ கழிந்தன.

பிறகு நந்தினிக்கு ஓசூரில் வேலை கிடைத்தது. அவள் கிளம்பிப் போன அந்த வாரம் முழுவதும் நீ அவள் கட்டிலைவிட்டு இறங்கவில்லை. செல்வி அழவில்லை; உன்னிடம் பேச ஆரம்பித்தாள். மிஷின் ஓடும் சத்தத்துக்கு நடுவே அவள் குரல் கேட்கும். "ஏன்டி, அவ சாப்ட்டிருப்பாளா? போன் எடுக்க மாட்டேங்கிறாளே. நீயாச்சும் கேக்கக் கூடாதா?" வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே நான் கேட்டிருக்கிறேன். உள்ளே வந்தால் பேச்சு நின்றுவிடும். "இந்தப் பூனையப் பாருங்க, ஒரு வேலையும் பாக்க விடமாட்டேங்குது" என்பாள்.

போன மாசியில் நீ சாப்பாட்டைக் குறைத்தாய். தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டே இருந்தாய். முதுகைத் தடவினால் எலும்பு கையில் இடறியது. மாட்டாஸ்பத்திரியில் உன்னைப் பார்த்த டாக்டர் சின்ன வயதுப் பெண். உன் வாயைத் திறந்து பார்த்து, ரத்தம் எடுத்து, மறுநாள் எங்களை உட்காரவைத்துச் சொன்னார். "கிட்னி ரெண்டும் சரியா வேலை செய்யல. வயசாயிருச்சுல்ல. ட்ரிப்ஸ் போட்டா கொஞ்ச நாள் தெம்பா இருக்கும். தெனமும் கூட்டிட்டு வரணும்."

நான் சரியென்றேன். சில நாட்கள் அப்படியே கொண்டுபோனோம். அங்கே நாய்கள் குரைக்கும்போதெல்லாம் நீ செல்வியின் முந்தானைக்குள் தலையை நுழைத்துக்கொண்டாய். உன் காலில் ஊசி குத்த இடமே இல்லாமல் போன அன்று, செல்வி டாக்டரிடம் கேட்டாள். "மேடம், இதப் போட்டா பொழச்சுக்குமா?" டாக்டர் தரையைப் பார்த்தார். "பொழைக்காதும்மா." "அப்ப வேணாம் மேடம். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம். அதுக்குப் புடிச்ச எடத்துல இருக்கட்டும்." எனக்குக் கோபம் வந்தது. வண்டியில் வரும்போது, "நீ எப்படி முடிவு பண்ணலாம்?" என்றேன். கண்ணாடியில் பார்த்தேன். உன்னை மடியில் வைத்துக்கொண்டு, வெயில் படாமல் உள்ளங்கையால் உன் கண்ணை மறைத்துக்கொண்டிருந்தாள்.

நீ தேர்ந்தெடுத்த இடம் தையல் மிஷினுக்கு அடியில், மிதிகட்டைக்குப் பக்கத்தில். செல்வி மிஷினையே ஓட்டவில்லை. கைத்தையல் வேலைகளை மட்டும் எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு மத்தியானம் நான் சாப்பிட வந்தபோது, "இங்க வாங்க" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "இப்பத்தான். ஒரு மூச்சு பெருசா விட்டுச்சு. அம்புட்டுத்தான்."

உன்னை எங்கே வைப்பது என்பது அப்போதுதான் உறைத்தது. நாங்கள் இருப்பது வாடகை வீடு. வாசல், கொல்லை, சந்து எல்லாம் சிமெண்ட். இந்தத் தெருவில் ஒரு கைப்பிடி மண் தெரிகிற இடம் இல்லை. மாடி வீட்டுக்காரர், "கவர்ல போட்டுக் கார்ப்பரேஷன் வண்டில குடுத்துருங்க, அவுக எடுத்துக்கிருவாக" என்றார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் செல்வி அவரைப் பார்த்த பார்வையில் அவர் படியேறிப் போய்விட்டார். அவளுடைய பழைய நூல் சேலையைக் கிழித்து உன்னைச் சுற்றினாள். "வண்டிய எடுங்க. மேலூருக்குப் போவோம். தம்பி காட்டுல மண்ணு கெடக்கு."

மேலூருக்கு அந்தப் பக்கம் அவள் தம்பி முருகனுக்கு அரை ஏக்கர் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் வயலில் நாற்று நட்ட குடும்பம். கல் குவாரியில் வேலை பார்த்து அவன் வாங்கிய நிலம் அது. எங்கள் ஆட்டோவைப் பார்த்ததும் என்னமோ ஏதோ என்று ஓடிவந்தான். செல்வி மடியிலிருந்த பொதியைக் காட்டினாள்.

"ஏக்கா, ஒரு பூனைக்கா இம்புட்டுத் தொலவு வந்தீக?"

நான்தான், "ஆமா மாப்ள" என்றேன். அவன் அக்காவின் முகத்தை ஒருமுறை பார்த்தான். அப்புறம் வேறெதுவும் கேட்காமல் மம்பட்டியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தான். வரப்போரம் ஒரு இடத்தை நான் காட்டினேன். "அங்கன வேணாம் மச்சான். தண்ணி பாயும். நனைஞ்சுக்கிட்டே கெடக்கும்" என்று கிணற்று மேட்டுக்குக் கூட்டிப்போனான். மம்பட்டியை நான் கேட்டும் தரவில்லை. இடுப்பளவு தோண்டினான். "நாய் கெளறிரக் கூடாதுல்ல" என்று முள்ளை வெட்டிப் போட்டு, அதற்கு மேல் குவாரியிலிருந்து கொண்டுவந்து போட்டிருந்த ஒரு உடைகல்லைப் புரட்டி வைத்தான். வேலை முடிந்து கையைக் கழுவும்போதுதான் கேட்டான். "அது பேரு என்னக்கா?" செல்வி உன் பெயரைச் சொன்னாள். சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். நந்தினி போனபோது அழாததையும் சேர்த்து அழுததுபோல எனக்குத் தோன்றியது. முருகன் அக்காவின் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, அவள் முடிக்கும்வரை இருந்தான்.

நீ போன பிறகு ஊர் எங்களிடம் அன்பாகத்தான் இருந்தது, டிக்கி. ஆனால் அந்த அன்புக்குத் தெரிந்தது ஒரே வார்த்தைதான். "இன்னொரு குட்டிய வாங்கி வளங்க, சரியாப் போகும்." கைதவறி உடைந்த டம்ளரைப் பற்றிப் பேசுவதுபோல இருக்கும். நந்தினி தினம் ஒரு குட்டியின் படத்தை அனுப்பினாள். அவளும் ஓசூரில் தனியாக அழுதுகொண்டிருக்கிறாள் என்று எங்களுக்குத் தெரியும். செல்வி படத்தைப் பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைப்பாள். "அழகாத்தான் இருக்கு. வேணாம்." ஒருநாள் நானும் கேட்டேன். "ஏன் வேணாம்?" அவள் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே சொன்னாள். "குட்டியா வந்தா, அது செய்றதெல்லாம் இவ செஞ்ச மாதிரியே இருக்கும். நான் அதப் பாக்க மாட்டேன். இவளத்தான் பாத்துக்கிட்டு இருப்பேன். அந்தக் குட்டி என்ன பாவம் பண்ணுச்சு?"

எனக்கு அப்போது முழுசாகப் புரியவில்லை. வண்டியைச் சர்வீஸுக்கு விடுகிற ஒர்க்ஷாப்பில் பூனை குட்டி போட்டிருந்தது. ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன். சட்டைக் கையில் நகம் பதித்து ஏறியது. எல்லாக் குட்டியும் செய்வதுதான். ஆனால் நான் பார்த்தது உன்னைத்தான். கீழே இறக்கிவிட்டுவிட்டு வந்துவிட்டேன். செல்வி சொன்னது அன்றுதான் விளங்கியது.

ஆவணியில் ஒரு நாள், ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்து வாங்கப் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி வந்து உட்கார்ந்திருந்தாள். அவள் கணவருக்குச் சென்னைக்கு மாற்றலாகிவிட்டது. பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். "வீடெல்லாம் காலி பண்ணியாச்சுக்கா. இந்த ராசாவத்தான் என்ன செய்யன்னு தெரியல. கடுவன் பூனை, ஏழெட்டு வயசிருக்கும். சண்ட போட்டு ஒரு காது கிழிஞ்சிருக்கு. நாங்க போற ஃபிளாட்டுல பூனை வச்சுக்கக் கூடாதாம். எல்லாருட்டயும் கேட்டுட்டேன். குட்டின்னா குடுங்கங்கிறாங்க. வளந்தது யாருக்கும் வேணாமாம்."

செல்வி கொக்கியைத் தைத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்து, அவளை அனுப்பிவைத்தாள். சாயங்காலம் நான் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது, "அந்தப் பிள்ளை வீட்டுக்கு ஒரு எட்டுப் போயிட்டு வருவோமா?" என்றாள்.

"நீதான வேணாம்ன?"

"குட்டிதான வேணாம்னேன். இது தனக்குன்னு ஒரு காலத்த வாழ்ந்துட்டு வருதுங்க. அதுக்கும் விட்டுட்டு வர ஒரு வீடு இருக்கு. நம்மளப் பாத்து அதுக்கும் உடனே ஒண்ணும் ஆசை வந்துராது. வந்து சும்மா இருக்கட்டும். நாமளும் சும்மா இருப்போம்."

ராசா உன்னைப் போல இல்லை, டிக்கி. கறுப்பு. தலை பெரிசு. மியாவ் என்றுகூடச் சொல்வதில்லை. கரகரவென்று ஒரு சத்தம். அவனைக் கூடையில் கொண்டுவந்தபோது அந்தப் பெண் தெருமுனைவரை வந்து நின்று அழுதாள். "அழாதம்மா, போன்ல காட்டுறேன்" என்று செல்வி சொல்லிக்கொண்டே வந்தாள். வீட்டுக்குள் வந்ததும் அவன் கட்டிலுக்கு அடியில் போய், சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டான். நாங்கள் கூப்பிடவில்லை. சாப்பாட்டு நேரத்தில் செல்வி தரையில் உட்கார்ந்து, கட்டிலுக்கு அடியில் பார்க்காமலே பேசினாள். "இந்தா பாரு ராசா. இங்க உனக்கு முன்னாடி ஒருத்தி இருந்தா. அவ சட்டிய உனக்குத் தர மாட்டேன். உனக்குன்னு புதுசு வாங்கியிருக்கேன். பசிச்சா வா." நாங்கள் தூங்கிய பிறகு வந்து சாப்பிட்டிருக்கிறான். காலையில் சட்டி காலியாக இருந்தது. செல்வி அதை எடுத்துக் கழுவும்போது என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவள் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

நீ போய் இத்தனை மாதம் ஆன பிறகும் எனக்கு ஒரு பழக்கம் விடவில்லை. மத்தியானம் கட்டிலில் படுக்கும்போது வலது கை தானாகக் கீழே தொங்கிவிடுகிறது. நீ எங்கிருந்தாலும் வந்து அந்த விரல்களில் நெற்றியை முட்டுவாயே, அதற்காக. யாரும் வராத கை என்று தெரிந்தும் அதை மேலே எடுக்க மனம் வருவதில்லை.

நேற்றும் அப்படித்தான் படுத்திருந்தேன். அரைத் தூக்கம். கட்டிலுக்கு அடியில் சின்னதாக ஓர் அசைவு. விரல் நுனியில் ஈரமாக ஏதோ பட்டது; மூக்கு. மோந்து பார்த்தான். உன் வாசனை இன்னும் என் கையில் இருந்திருக்குமோ என்னவோ, கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான். பிறகு உள்ளே போய்விட்டான்.

கையை இழுத்துக்கொள்ளலாமா என்று யோசித்தேன். மிஷினில் உட்கார்ந்திருந்த செல்வி மிதிப்பதை நிறுத்தியிருந்தாள். அவளும் பார்த்திருக்கிறாள்.

"கைய எடுத்துறாதீங்க" என்றாள் மெதுவாக. "அப்படியே இருக்கட்டும்."

எடுக்கவில்லை, டிக்கி.