மார்ச் மாதத்தில் நின்றுபோன டிஸ்க்

நவம்பர் 4, செவ்வாய்

கணினிப் பெட்டியைத் திறந்து தூசி தட்டினேன். உள்ளே இருக்கும் விசிறி ஒரு வாரமாகக் கரகரத்துக்கொண்டிருந்தது. கடையில் கொடுத்தால் இரண்டு நாள் வைத்துக்கொள்வார்கள். எனக்கு இரண்டு நாள் ஏது? பள்ளிக்கூடக் கட்டடத்தின் வரைபடங்களைத் திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டும். அலுவலகத்தை விட்டுத் தனியாக வரைய ஆரம்பித்த பிறகு கைக்கு எட்டியிருக்கும் முதல் பெரிய வேலை. இது கைநழுவினால் பழைய நாற்காலிக்கே திரும்ப வேண்டியதுதான். ராஜினாமா கொடுத்த அன்று பெரிய சார் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "ஆறு மாசத்துல நீயே திரும்பி வந்துடுவே. நாற்காலியைத் துடைச்சு வைக்கிறேன்."

துடைத்துக்கொண்டே இருக்கட்டும்.

எல்லாக் கேபிளையும் ஒருமுறை நன்றாக அழுத்திச் செருகிவிட்டு மூடினேன். கரகரப்பு போயே போய்விட்டது. இதற்கெல்லாம் கடைக்குப் போகிறவர்கள் போகட்டும்.

நவம்பர் 5, புதன்

காலையில் கணினியைப் போட்டால் பள்ளிக்கூடத்தைக் காணோம்.

ஒரு வரைபடம்கூட இல்லை. அந்தப் பெயரில் ஃபோல்டரே இல்லை. திரையில் நான் எப்போதோ மாற்றிவிட்ட பழைய படம். அலுவலகத்துக்காக வீட்டில் வைத்து வரைந்த கார் நிறுத்துமிடம் பாதியில் நிற்கிறது. அதன் பக்கத்தில் ராஜினாமா கடிதம், முடிக்காமல், "மதிப்பிற்குரிய ஐயா" என்பதோடு. கடைசியாகத் திறந்தது மார்ச் மாதம் என்று காட்டுகிறது. கணினியைப் பொறுத்தவரை நான் இன்னும் வேலையையே விடவில்லை.

என்னை நானே திட்டிக்கொண்டேன். எட்டு மாச உழைப்புடி. எங்க போச்சு? என்ன பண்ணித் தொலைச்சே?

முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். இந்தப் பெட்டியில் வரைபடங்களைச் சேமிக்க இரண்டு டிஸ்க். ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் பதிவாகும் — மிரர். ஒன்று போனாலும் மற்றது காப்பாற்றும். நானே அமைத்தது. அதை நம்பித்தான் வேறு காப்பி எதுவும் வைக்கவில்லை. சரி, யோசி. அழிந்திருந்தால் எல்லாமே அல்லவா அழிந்திருக்கும்? மார்ச் மாதம் மட்டும் எப்படி முழுசாக உட்கார்ந்திருக்கிறது? அப்படியென்றால் ஒரு டிஸ்க்கின் கேபிள் மார்ச்சிலேயே கழன்றிருக்கிறது. மற்றது மட்டும் தனியாக இவ்வளவு நாள் குடும்பத்தை இழுத்திருக்கிறது. நேற்று நான் அழுத்திச் செருகியதில் கழன்றது விழித்துக்கொண்டு முந்திரிக்கொட்டை மாதிரி முன்னால் வந்து நிற்கிறது.

கீழே இருந்த டிஸ்க்கின் கேபிளைப் பிடுங்கிவிட்டு, மேலே இருப்பதை மட்டும் வைத்துப் போட்டேன். பள்ளிக்கூடம் வந்தது. வகுப்பறைகள், மாடிப்படி, எல்லாம். நான் நினைத்தது சரி. கொஞ்சம் அழுதேன், யாரும் பார்க்கவில்லை.

நவம்பர் 6, வியாழன்

ஒன்று மட்டும் உறுத்தியது. மிரர் உடைந்தால் பெட்டி பீப் பீப் என்று கத்துமே, ஏன் கத்தவில்லை? என் வீட்டுக்காரரைக் கேட்டேன். இவர் மருத்துவமனையில் நர்ஸ். இரவுப் பணி முடித்துவிட்டு வந்து பகலில் தூங்குவது கணினி இருக்கும் அறையில்தான்.

"கத்துச்சே. விடாம கத்துச்சு. ஒரு குட்டி ஸ்பீக்கர் இருந்துச்சு, அதோட வயரைப் பிடுங்கிட்டேன். அப்பவே உன்கிட்ட சொன்னேன். நல்ல வேலை பண்ணீங்கன்னு சொன்னியே."

சொல்லியிருப்பேன். ராஜினாமா கடிதத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரம் அது. வீடு பற்றி எரிகிறது என்றாலும் நல்ல வேலை என்றுதான் சொல்லியிருப்பேன்.

"ஆஸ்பத்திரில மெஷின் கத்துனா அதையும் பிடுங்கிடுவீங்களா?"

"அங்க நான் தூங்குறதில்லையே."

இந்த மனுஷனிடம் கோபப்படவும் முடிவதில்லை.

நவம்பர் 7, வெள்ளி

இன்று மயிரிழையில் தப்பித்தேன்.

ஒற்றை டிஸ்க்கை நம்பித் திங்கட்கிழமைவரை ஓட்ட வேண்டாம், மிரரைத் திரும்பச் சேர்த்துவிடலாம் என்று முடிவு செய்தேன். இரண்டு டிஸ்க்கின் கேபிளையும் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டினேன். எது எதன் மேல் எழுத வேண்டும் என்று நாம்தான் சொல்ல வேண்டும். புதியது பழையதன் மேல் எழுத வேண்டும். மாற்றிச் சொன்னால் மார்ச் மாதம் வந்து எட்டு மாசத்தையும் விழுங்கிவிடும். இதில் குழம்ப என்ன இருக்கிறது? நேற்றுவரை பார்த்ததுதானே, திரையில் ஒன்றாம் எண் மேலே இருக்கும் நல்லது, இரண்டாம் எண் கீழே இருக்கும் பழையது. ஒன்றிலிருந்து இரண்டுக்கு என்று தேர்ந்தெடுத்துவிட்டேன். அழுத்த வேண்டியதுதான் பாக்கி.

இவர் டீயோடு வந்து பின்னால் நின்றார். "எது மூலம்னு படி."

"ஒண்ணு."

"ஒண்ணு ரெண்டெல்லாம் வேணாம். டிஸ்க்குக்குன்னு கம்பெனி போட்ட நம்பரைப் படி."

"என்னங்க, எனக்குத் தெரியாதா?"

"ரத்தம் ஏத்துறதுக்கு முன்னாடி நாங்க ரெண்டு பேர் நின்னு படிப்போம். ஒருத்தர் பைல இருக்கிறதை, ஒருத்தர் நோயாளி கைல கட்டியிருக்கிறதை. எவ்வளவு தெரிஞ்ச ஆளா இருந்தாலும் படிக்கணும். சத்தமா."

சிரித்துக்கொண்டேதான் ஒத்துக்கொண்டேன். இவர் டார்ச்சை அடித்துக்கொண்டு பெட்டிக்குள் தலையை விட்டு மேல் டிஸ்க்கின் ஸ்டிக்கரைப் படித்தார். நான் திரையில் ஒன்றாம் எண்ணுக்கு எதிரே இருந்ததைப் படித்தேன்.

ஒத்துப்போகவில்லை.

இன்னொருமுறை படித்தோம். ஒத்துப்போகவில்லை. கேபிள்களைத் திரும்ப மாட்டும்போது இடம் மாற்றிச் செருகியிருக்கிறேன். திரையில் ஒன்றாம் எண் இப்போது கீழே இருப்பது. அதாவது மார்ச்.

கையை மவுஸிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். "டீ ஆறுது" என்றார் இவர், அவ்வளவுதான். அப்புறம் இரண்டிலிருந்து ஒன்றுக்கு என்று மாற்றி, அதையும் ஒருமுறை சத்தமாகப் படித்து, இருவரும் தலையாட்டிய பிறகுதான் அழுத்தினேன்.

நவம்பர் 8, சனி

மிரர் சேர்ந்துவிட்டது. முதல் வேலையாகக் கடைக்குப் போய்ப் பென் டிரைவ் வாங்கி எல்லாவற்றையும் காப்பி எடுத்தேன். தவறான டிஸ்க்கைச் சொன்னாலும் மிரர் அதையும் நம்பி எழுதத்தான் போகிறது, நம்மைத் திருத்தாது. இது எனக்குப் போன வாரமே தெரிந்திருக்க வேண்டும்.

நவம்பர் 10, திங்கள்

கொடுத்துவிட்டேன். தலைமையாசிரியர் மாடிப்படி வரைபடத்தை மட்டும் நெடுநேரம் பார்த்தார். "அகலமா இருக்கே," என்றார். மணி அடித்ததும் பிள்ளைகள் மொத்தமாக இறங்குவார்கள், இடிபடக் கூடாது என்றேன். அவர் முகத்திலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. எனக்கென்னவோ வேலை கிடைத்துவிடும் என்றே தோன்றுகிறது.

நவம்பர் 26, புதன்

கிடைத்துவிட்டது.

சாயங்காலம் பெரிய சாரிடமிருந்து போன். "வீம்பு போதும்மா, வந்து சேரு." பள்ளிக்கூட வேலையைச் சொன்னேன். "மேற்பார்வையும் நீயேவா?" என்றார். ஆமாம் சார், நானே.

ஜூன் 6, சனி

மாடிப்படியின் கான்கிரீட்டைத் தாங்க அடித்திருந்த பலகைகளை நேற்றுப் பிரித்துவிட்டார்கள். இவர் விடுப்பு போட்டுவிட்டு என்னோடு வந்தார். "ஏறலாம் மேடம், நல்லா இறுகிடுச்சு," என்றார் மேஸ்திரி. சிமெண்ட் வாடை. கைப்பிடி இன்னும் வைக்கவில்லை, சுவரோரமாக ஏறினேன். ஒரு படிகூட ஏற்ற இறக்கமாக இல்லை, கால் தானாகப் போயிற்று. திரும்பும் இடத்தில் கையை நீட்டிப் பார்த்தேன். நான்கு பிள்ளைகள் பையோடு தாராளமாகப் போகலாம்.

"எப்படி இருக்கு?" என்று இவர் கீழேயிருந்து கேட்டார். இறங்கி வந்து, இன்னொருமுறை ஏறினேன்.