யூரியா இன்ஜெக்டர் மாற்றிய வாரம்

நவ. 3, திங்கள்

விடியலிலிருந்து தூறல். காரில் மஞ்சள் விளக்கு. இன்னும் 180 கி.மீ. ஓடினால் அப்புறம் இன்ஜின் ஸ்டார்ட் ஆகாதாம். புகையைச் சுத்தம் செய்கிற யூரியா தண்ணீர் சரியாகப் போகவில்லை. டேங்க் என்னவோ நிறைந்துதான் இருக்கிறது.

அப்பாவுக்கு வாரம் இரண்டு டயாலிசிஸ். பாப்பாரப்பட்டியிலிருந்து தருமபுரி. திரும்பும்போது பஸ் என்றால் தலை சுற்றி விழுந்துவிடுவார்.

நவ. 4, செவ்வாய்

டயாலிசிஸ். வழக்கமாக அப்பா வழி நெடுக அடுத்தவர் வயலைக் குறை சொல்லிக்கொண்டு வருவார். இன்று கண் முழுக்க மீட்டர் மேல்.

மெக்கானிக் சேகர் பார்த்தார். யூரியாவைத் தெளிக்கும் இன்ஜெக்டர் அடைப்பு. புதியது சேலத்திலிருந்து வர வேண்டும். வெள்ளிக்குள் வருமா? அன்றைக்குத்தான் அடுத்த டயாலிசிஸ்.

வாங்க: தக்காளி, அப்பா மாத்திரை, சோப்பு.

நவ. 6, வியாழன்

பார்ட் வந்தது. அப்பாடா. பழையதைக் கழற்றினால் வாயெல்லாம் வெள்ளை வெள்ளையாகக் கட்டி.

"வயலுக்குப் போடற யூரியாவ யாராச்சும் கரைச்சு ஊத்துனீங்களா?" என்றார் சேகர்.

எனக்குச் சுருக்கென்றது. நாங்கள் என்ன அவ்வளவு விவரம் கெட்டவர்களா?

வண்டி ஷெட்டில். நடந்தே வீடு. மாட்டுக்கொட்டகையில் உர மூட்டை பிரித்துக் கிடந்தது. அப்பாவைக் கேட்டேன்.

"வண்டிக்கு வாங்கற கேன்லயும் யூரியான்னுதான போட்டிருந்துச்சு. நீயே எத்தனைக்குத்தான் ஓடுவ? ஒரு வேல மிச்சமாவட்டும்னு ஊத்துனேன்."

"வண்டி நின்னா சாவப்போறது நீங்கதாம்ப்பா."

சொல்லிவிட்டேன். அவர் சாப்பிடவில்லை. நானும்.

நவ. 7, வெள்ளி

வெயில். காலையிலேயே ஷெட். யூரியா டேங்கைக் காலி செய்து, டிஸ்டில்டு வாட்டரில் கழுவி, புது இன்ஜெக்டர், புது வாஷர். சேகர் ஸ்கேனர் போட்டார். ஓட்டிப் பார்த்தோம். விளக்கு இல்லை. அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தால் அப்பா இல்லை. போனும் எடுக்கவில்லை. தருமபுரி பஸ் ஏறினார் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். என்னை நானே திட்டிக்கொண்டே ஓட்டினேன்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட கையோடு படுத்திருந்தார். தூக்கம். வெளியே காத்திருந்தேன்.

முடிந்து வாசலுக்கு வந்தவர் காரைப் பார்த்ததும் பின்வாங்கினார்.

"இருக்கற கிலோமீட்டர எனக்காவத் தீக்காத. நான் பஸ்லயே வரேன்."

சரியாகிவிட்டது என்றேன். நம்பவில்லை. அவர் கண்ணெதிரே இன்ஜினை நிறுத்தினேன். மறுபடி ஸ்டார்ட் செய்தேன். அதற்கப்புறம்தான் கதவைத் திறந்தார்.